ஆறுபாகம் பார்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் பழைய வீட்டின் வடக்குச் சுவரில் காரை பெயர்ந்த இடம் ஒன்று உண்டு. ஒரு முறம் அகலம் இருக்கும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் இன்னும் கொஞ்சம் பெயரும். உள்ளே தெரிவது செங்கல் இல்லை. வெள்ளையும் பழுப்பும் கலந்த கல். தேன்கூடு போலத் துளை துளையாக, ஒவ்வொரு துளைக்குள்ளும் நட்சத்திரம் கீறியதுபோல் இருக்கும். சின்ன வயதில் அந்தச் சுவரோரம்தான் எனக்குப் பாய். நட்சத்திரங்களை விரலால் தடவி எண்ணிக்கொண்டே தூங்கிப்போவேன். இது எங்கிருந்து வந்த கல் என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். "விலாங்குச்சல்லிப் பக்கம் எடுத்தது மக்கா. ஒன் தாத்தா காலத்துல வள்ளத்துல கொண்டாந்தாங்க" என்றார்.

விலாங்குச்சல்லி என்பது தூத்துக்குடிக்கு எதிரே இருந்த நான்கு தீவுகளில் ஒன்று. வான்தீவு, காசுவாரி, காரைச்சல்லி மற்ற மூன்று. இன்று கடல் வரைபடத்தில் விலாங்குச்சல்லியின் பெயர் இருக்கிறது. தண்ணீருக்கு மேலே தீவு இல்லை. அதிலிருந்து எடுத்த கல்லால் கட்டிய எங்கள் சுவர் இன்னும் நிற்கிறது.

நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு வெளியூர்ச் சொந்தக்காரர்களும், பழைய மாணவிகளும் தங்கள் பிள்ளைகளோடு வருவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டீச்சர், மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இங்கேதானே இருக்கிறது, எப்படிப் போய்ப் பார்ப்பது?" பூங்கா என்ற சொல்லைக் கேட்டால் வாசலும் சீட்டும் பார்வை மாடமும் மனதில் வந்துவிடுகின்றன. எங்கள் பூங்காவில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதன் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெயர்களை வைத்தவர்கள் முத்துக் குளித்தவர்கள். என் அப்பா அவர்களில் ஒருவர்.

கடலடியில் கல் பரந்து கிடக்கும் இடத்தைப் பார் என்போம். பார் என்றால் ஒரே மேடாக இருக்காது. மணலுக்கு நடுவே தட்டுத் தட்டாகக் கல். அந்தக் கல்லைப் பற்றிக்கொண்டு சிப்பி. தொள்ளாயிரம் பார், கூத்தாடியார் பார், நகரைப் பார், வான்தீவு ஆறுபாகம் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பாகம் என்பது எங்கள் அளவு. இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை ஒரு பாகம். ஆறுபாகம் பார் என்று சொல்லிவிட்டால், கயிற்றில் ஆறு தடவை கைவிரித்து அளக்கும் ஆழம் என்று குளியாளுக்குத் தெரிந்துவிடும். பெயரிலேயே இடமும் ஆழமும் இருந்தன. தாளும் பேனாவும் தேவைப்படவில்லை.

நடுக்கடலில் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டால் அப்பா கரையைக் காட்டுவார். மேற்கே வல்லநாட்டு மலை, அதற்கு இந்தப் பக்கம் பனிமய மாதா கோயில் கோபுரம். மலைக்கு நேரே கோபுரம் வந்து நின்றால் ஒரு கோடு. வடக்கே இன்னும் இரண்டு அடையாளம் ஒன்றுசேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் கல் இறங்கும். வல்லநாட்டு மலையில் மான் இருக்கிறது என்பது அப்பாவுக்குத் தெரியாது. அவர் ஒருநாளும் அங்கே ஏறியதில்லை. நாற்பது வருடம் கடலிலிருந்து அதைப் பார்த்தே வாழ்ந்தார்.

இந்தக் கரையின் கதையை எழுதுகிறவர்கள் கொற்கையில் தொடங்குவார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் தொடங்குவேன். தாமிரபரணியின் கழிமுகத்தில் இருந்த பாண்டியர் துறை. சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர்போன ஊர். ஆறு மண் கொட்டி மூட மூடக் கடல் விலகிப்போய், இன்று வாழையும் நெல்லும் விளையும் உள்நாட்டுச் சிற்றூர். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடற்பயண ஏடு, கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை முத்துக் குளிக்க விட்டார்கள் என்று சொல்கிறது. கொற்கைக்குப் பிறகு காயல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து பார்த்த செல்வத் துறை அது. கால்டுவெல் 1877-ல் இரண்டு இடங்களிலும் தோண்டிப் பார்த்தார். பின்னால் மீன்துறை அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல் கொற்கை மேட்டில் வளையலுக்காக அறுத்த சங்குத் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, சங்கறுக்கும் தொழில் இங்கே இருந்ததைக் காட்டினார்.

போர்த்துகீசியர் வந்தது, 1530-களில் பரதவர் ஞானஸ்நானம் பெற்றது, 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் கால் வைத்தது, 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தது, 1825-ல் ஆங்கிலேயர் கைக்கு நிலையாக வந்தது எல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. யார் கொடி பறந்தாலும் அவர்கள் கண் வைத்தது கடலுக்கடியில் கிடந்த அந்தக் கல்தட்டுகளின் மேல்தான். வரலாற்றுக்காரர்கள் கொடிகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் சொல்ல நினைப்பது பாரைப் பூட்டி வைக்கும் வழக்கத்தைப் பற்றி.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடக்கும் தொழில் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் பார் மூடியே கிடந்தது. சிப்பிக்கு நான்கு, ஐந்து வயது ஆனால்தான் முத்து தேறும். அதற்கு முன் எடுத்தால் ஓடுதான் மிஞ்சும். விட்டுவைத்தால் ஆறாவது ஏழாவது வருடம் சிப்பி தானாகச் செத்துப்போகும். ஆகையால் பாருக்குப் பொறுப்பான அதிகாரிகள் குளியாட்களை அனுப்பி வருடந்தோறும் சோதிப்பார்கள். சிப்பிக் குஞ்சு பற்றியிருக்கிறதா, என்ன வயது, சூரன் படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சூரன் என்பது சின்ன மட்டி. கம்பளி நெய்ததுபோல் பாரின் மேல் படர்ந்து சிப்பிக் குஞ்சை மூச்சடைத்துக் கொன்றுவிடும். கிளாத்தி மீனும் திருக்கையும் சிப்பியை உடைத்துத் தின்னும். சோதனைக்கு எடுத்த சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு பெறுமானமுள்ள முத்து என்று மதிப்புப் போடுவார்கள். மதிப்பு கட்டுப்படியானால் மட்டும் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, என்று அறிவிப்பு. இல்லாவிட்டால் பார் மூடல், இன்னொரு வருடக் காத்திருப்பு. 1928-ல் ஒரு சலாபம் முடிந்த பிறகு அடுத்தது நடந்தது 1955-ல். இருபத்தேழு வருடம்! ஒரு தலைமுறைக் குளியாட்கள் முத்துச்சிப்பியை அள்ளாமலே மூப்படைந்தார்கள்.

மார்க்கோ போலோ எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. சுறாவை மந்திரம் ஓதிக் கட்டுகிறவர்களைப் பற்றியது. நாங்கள் கடல்கட்டி என்போம். அவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு. பகலில் மந்திரத்தால் சுறாக்களைக் கட்டிவைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்கக்கூடாது என்பதற்காக. மந்திரம் பலித்ததா என்பதைவிட எனக்கு அந்த ஏற்பாடு பெரிதாகத் தெரிகிறது. எழுநூறு வருடத்துக்கு முன்னாலேயே இந்தக் கடலில் இறங்கக்கூடாத நேரம் என்று ஒன்று இருந்திருக்கிறது. அதற்குக் காவல் சுறா.

மூடிவைத்தவர்களை நான் புனிதர்களாக்கவில்லை. அவர்கள் மூடியது லாபத்துக்காக. அரசனும் கும்பினியும் பிறகு சர்க்காரும் எதிர்பார்த்தது அடுத்த அறுவடையை. ஆனாலும் அப்படி மூடியதால் அந்தப் பாரின் மேல் மற்ற உயிர்களும் பிழைத்தன. கடற்பஞ்சும் சங்கும் நட்சத்திர மீனும் களவாய் மீனும் அந்த அமைதியில் பெருகின. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1889 சலாபத்தைப் பார்க்க வந்தபோது முத்தோடு நிற்கவில்லை. இந்த வளைகுடாவின் உயிரினங்களையும் சேர்த்தே எழுதினார், அந்தப் புத்தகம் 1890-ல் வந்தது. இந்தக் கடலில் எத்தனை வகை உயிர் இருக்கிறது என்று வெளியுலகம் அறியத் தொடங்கியது முத்தைத் தேடிப் போன வழியில்தான்.

1955-ல் திறந்த பார் தொடர்ந்து ஏழு வருடம் சலாபம் கொடுத்தது. கடைசி சலாபம் 1961. எனக்கு அப்போது ஏழு வயது.

நினைவில் முதலில் வருவது வாசம். மூக்கைப் பிடுங்கும் வாசம். ஏலத்தில் சிப்பி வாங்கியவர்கள் பழைய தோணிகளிலும் தொட்டிகளிலும் அதைக் கொட்டி மூடிவைப்பார்கள். தசை அழுகி, புழு தின்று தீர்த்த பின் தண்ணீர் விட்டு அலசி அலசி அடியில் தங்குவதைத் துணியில் வடிகட்டுவார்கள். ஈ மொய்க்கும். ஊரே அந்த வாசத்தில் சோறு தின்றது. அம்மா மட்டும் அதைக் குறை சொல்ல மாட்டாள். "இந்த நாத்தம் இருக்கவரைக்கும் அடுப்பு எரியும்" என்பாள்.

வள்ளங்கள் நடுநிசிக்கு மேல் கரைக்காற்றில் பாய் விரித்துப் போகும். விடியும்போது பாரின் மேல் நிற்கும். குளியாள் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு இறங்குவார், இடுப்பில் கயிறு, கழுத்தில் வலைப்பை. மேலே ஒருவர் கயிறு பிடிப்பார். கயிறு பிடிக்கிறவர் மச்சானாகவோ மாமனாகவோதான் இருப்பார். மூச்சை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டுமே. அப்பாவுக்குக் கயிறு பிடித்தது அம்மாவின் அண்ணன். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய அடியில் இருப்பார்கள். நண்பகல் வரை இப்படி. கடற்காற்று எழுந்ததும் திரும்பல். கரையில் வேலியடைத்த கொட்டுக்குள் சிப்பியை மூன்று பங்காகக் குவிப்பார்கள். சர்க்காருக்கு இரண்டு, குளியாட்களுக்கு ஒன்று. பிறகு முத்தைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிக்கும் வியாபாரிகளின் உலகம். அதற்குள் எங்களுக்கு வேலையில்லை.

கீழே என்ன இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். சிப்பியைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். "வெயில் உள்ள வரைக்கும் வரும் மக்கா. பச்சையா இருக்கும். ஒரு களவா தெனமும் எம் பக்கத்துல வந்து நிக்கும், நான் என்ன செய்யுதேன்னு பாத்துக்கிட்டு" என்றார். அந்தக் களவாயைப் பற்றி அவர் சாகும் வரை பேசினார். எடுத்த முத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

1961-க்குப் பிறகு பார் சோதனை நடந்தது, சலாபம் அறிவிக்கவில்லை. அப்பாவும் அவர் கூட்டாளிகளும் சங்குக் குளிக்குப் போனார்கள். சங்கு மணலில் இருக்கும். பாருக்கும் பாருக்கும் நடுவே உள்ள மணலில். அதிலும் அளவு வைத்திருந்தார்கள். குறுக்களவு 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே திரும்பப் போட வேண்டும். வளையத்துக்குள் நுழைந்து விழுந்தால் அது குஞ்சு. ஜாதிச் சங்கு வங்காளத்துக்குப் போய், மணமான பெண்களின் கையில் வெள்ளை வளையலாகும். திரேஸ்புரத்துக் குளியாட்கள் பலர் இன்றும் சங்குக்குப் போகிறார்கள்.

முத்து ஒரேயடியாகப் போய்விடவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி அழகர்சுவாமியும் குழுவினரும் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் சிப்பிக்குள் மணி வைத்து வளர்த்து, 1973 ஜூலையில் உருண்டை முத்து எடுத்துக் காட்டினார்கள். பெரிய சாதனை. வகுப்பில் அதைச் சொல்லும்போதெல்லாம் பெருமையாகச் சொன்னேன். பிறகு சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்துப் பார்களில் விதைத்தும் பார்த்தார்கள். ஆனாலும் பழைய சலாபம் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பதற்கு இந்தக் கரையில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் மனதை உறுத்துவது எங்கள் சுவரில் இருக்கும் காரணம்.

முத்துப் பாருக்குச் சலாபம் அறிவிக்கும்வரை பூட்டு இருந்தது. தீவுகளைச் சுற்றியிருந்த பவளப் பாறைக்கு எந்தப் பூட்டும் இல்லை. அதற்கு யாரும் மதிப்புப் போடவில்லை, காவல் வைக்கவில்லை. கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வீடு கட்டினார்கள். சுண்ணாம்புக் காளவாயில் சுட்டார்கள். பிறகு தொழிற்சாலைகளுக்கும் போனது. கார்பைடு செய்ய, சுண்ணாம்பு செய்ய. எங்கள் பக்கத்தில் அது பிழைப்பு. வலை வாங்கக் காசில்லாதவனுக்குக் கடப்பாரை போதும். மன்னார் வளைகுடாவின் 110 சதுர கிலோமீட்டர் பவளப் பாறைப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் இப்படித்தான் சிதைந்தது.

என் பதினான்காம் வயதில் அப்பா என்னைக் காரைச்சல்லிக்கு ஒருமுறை கூட்டிப்போனார். பெண்பிள்ளையை வள்ளத்தில் ஏற்றுவதா என்று பாட்டி சத்தம்போட்டாள். பங்குனி மாதம், கடல் குளம்போலக் கிடந்தது. தீவுக்கு அரை மைல் முன்னாலேயே தண்ணீரின் நிறம் மாறியது. நீலம் போய்ப் பச்சை, பச்சைக்குள் பழுப்புத் திட்டு. அந்தப் பழுப்பு கடற்புல். கடற்பசு வந்து மேயும் இடம் என்று அப்பா காட்டினார். அன்றைக்குக் கடற்பசுவைக் காணவில்லை. பிறகு பவளம் வந்தது. வள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மான்கொம்பு போலக் கிளைத்தது ஒன்று, விரித்த தாம்பாளம் போல ஒன்று, மூளைபோல மடிப்பு மடிப்பாக ஒன்று. நடுவே கிளிமீன்கள் கூட்டமாகப் பல்லால் பாறையைச் சுரண்டும் சத்தம் வள்ளத்துக்கே கேட்டது. என் வீட்டுச் சுவரின் நட்சத்திரங்களுக்கு அங்கே நிறம் இருந்தது. ஊதா, இளம் பச்சை, வெண்ணெய் மஞ்சள். உயிரோடு இருந்தபோது அவை அப்படி இருந்தன என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

தீவில் இறங்கினோம். மணல் காலில் குத்தியது. நொறுங்கிய பவளத் துண்டுகள். சல்லி என்றால் அதுதானே. தீவின் பெயரே அதைச் சொல்கிறது. பவளம் உடைந்து ஒதுங்கி ஒதுங்கி மேடான மண் அது. உச்சியில் தாழ்ந்த புதரும் படர்கொடியும். ஆலாக்கள் தலைக்கு மேல் கத்திச் சுற்றின. கரையிலிருந்து மேட்டுக்கு ஏறி இறங்கிய ஆமைத் தடம் ஒன்று, வண்டிச் சக்கரம் போனதுபோல். பங்குனி ஆமை என்றார் அப்பா. தடம் முடிந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போகச் சொன்னார். வடக்கு ஓரத்தில் நாலைந்து பேர் இடுப்புத் தண்ணீரில் நின்று கல் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். சிரித்துப் பேசினார்கள். எனக்கும் ஒரு தாம்பாளப் பவளத்தைக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் அது வெளுத்து நாறியது. அம்மா தெருவில் எறிந்தாள்.

அந்த வருடங்களில் காரைச்சல்லி 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2024-ல் அளந்தபோது 3 ஹெக்டேரும் சொச்சமும்.

1974-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகமானது. முயல் தீவு துறைமுகத்தோடு சேர்ந்து, நடந்துபோகும் இடமாகிவிட்டது. காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோற்றோடு குடும்பம் குடும்பமாக அங்கே போவோம். தீவு என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அனல்மின் நிலையம் வந்தது. ஊர் வளர்ந்தது, வேலை வந்தது. என் தம்பி படித்து நிமிர்ந்தது துறைமுகச் சம்பளத்தில்தான்.

1986-ல் ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமில்லாக் கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. தீவுகளில் இறங்கத் தடை வந்தது. அப்பாவுக்கு அது பெரிய அடி. மூச்சுவாங்க முடியாத நாளில் ஒதுங்கியது, புயலில் தங்கியது, கருவாடு காயவைத்தது எல்லாம் அந்தத் தீவுகளில். "சர்க்காருக்கு அந்தப் பாருக்குப் பேராவது தெரியுமா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டார் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்று யோசித்தால் அது நியாயமான கேள்வி. முத்துப் பாரைச் சர்க்கார் மூடிய காலத்தில் குளியாள் இல்லாமல் மூட முடியாது. உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லுகிறவன் அவன்தான். தீவை மூடியபோது அவனிடம் கேட்கவில்லை. வழக்கத்தின் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டார்கள் என்றே நான் சொல்வேன். அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: மூடாமல் விட்டிருந்தால் இன்று பேசுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

2001-ல் கல் பவளங்களும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வந்தன. ஆனாலும் கல் எடுப்பது உடனே நிற்கவில்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. நாகப்பட்டினத்தில் நடந்தது எங்களுக்கு நடக்கவில்லை. இலங்கையும் நமக்கு முன்னால் நிற்கும் தீவுகளும் பாறையும் அலையை வாங்கிக்கொண்டன என்று கரையெங்கும் பேச்சு. பாடம் சொல்லி ஏறாதது அந்த ஒரு காலையில் ஏறியது. 2005 வாக்கில் கடப்பாரைகள் ஓய்ந்தன. அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கல் போன இடத்தில் கடல் சும்மா இருக்காது. அலையை உடைக்கப் பாறை இல்லாததால் நீவாடு என்று நாங்கள் சொல்லும் நீரோட்டம் நேராக வந்து தீவின் மணலை அள்ளியது. 1986-ல் 16 ஹெக்டேராக இருந்த வான்தீவு, முப்பது வருடத்துக்குள் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கி, ஏற்றத்தில் இரண்டு துண்டாகத் தெரிந்தது. அதோடு கடலும் சூடேறியது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் பவளம் வெளுத்தது. 2016-ல் மட்டும், உயிருள்ள பவளம் மூடியிருந்த பரப்பு 100-க்கு 39 என்ற அளவிலிருந்து 23-க்கு இறங்கியது.

தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் தண்ணீருக்குள் இறங்கி வருடக்கணக்காகப் பவளத்தை எண்ணியவர்கள். அவர்களும் சென்னை ஐஐடியும் வனத்துறையும் சேர்ந்து, 2015 முதல் வான்தீவுக்கு வெளிப்பக்கம் துளையிட்ட சிமெண்ட் கூடுகளை இறக்கினார்கள். மேலே குறுகி அடியில் அகன்ற கூடுகள். அலை துளைகளில் புகுந்து வேகம் குறைந்து வரும், மணல் தங்கும். மொத்தம் 10,600 கூடுகள். தீவு தேய்வது நின்றது, கொஞ்சம் வளரவும் செய்தது. கூடுகளின் மேல் புதிய பவளம் ஒட்டுகிறது, மீன் வந்து குடியேறுகிறது. இப்போது காரைச்சல்லிக்கும் அதே வைத்தியம்.

எப்படிப் போய்ப் பார்ப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். அதிகாலையில் திருநெல்வேலிச் சாலையில் வல்லநாட்டுக்குப் போங்கள். அப்பாவின் அடையாள மலை, 1987 முதல் வெளிமான் சரணாலயம். பதினாறு சதுர கிலோமீட்டர் செம்மண்ணும் முள்ளும். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி அது. உச்சிப் பாதையில் நின்று கிழக்கே பாருங்கள். தாமிரபரணியின் பச்சை, அதற்கப்பால் உப்பளங்களின் வெள்ளை, அதற்கும் அப்பால் ஒரு நூல் கடல். இறங்கி உப்பளங்கள் வழியே வந்தால், மழை முடிந்த மாதங்களில் பூநாரைகள் நிற்கும். பழையகாயல், புன்னக்காயல் பக்கம் ஆற்றுமுகத்தில் அலையாத்தி. தெற்கே போனால் குதிரைமொழித் தேரியின் சிவந்த மணற்குன்று. ஒரே நாளில் மலையும் ஆறும் உப்பும் தேரியும் கழியும். கடலை மட்டும் கடைசிக்கு வையுங்கள். தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்க முடியாது, இறங்கவும் வேண்டாம்.

நான் இந்த வருடம் மாசியில், அனுமதி பெற்றுப் போன கல்லூரிப் பிள்ளைகள் சிலரோடு படகில் போனேன். கிட்டத்தட்ட அறுபது ஆண்டு கழித்து மறுபடி தீவுகளின் பக்கம் வந்தேன். வான்தீவை அருகே பார்த்தேன். சின்னத் திட்டு, இரண்டு புதர். ஆலாக்கள் இருந்தன. படகோட்டி திரேஸ்புரத்துப் பையன், சங்குக்குப் போகிறவன். ஆறுபாகம் எங்கே என்று கேட்டேன். "ஆச்சி, ஒங்களுக்கு எப்படி அந்தப் பேரு தெரியும்?" என்றான். பிறகு திசைகாட்டும் கருவியைப் பார்க்கவில்லை. திரும்பிக் கரையைப் பார்த்தான். நானும் திரும்பினேன். புகைபோக்கிகளுக்கும் கிரேன்களுக்கும் நடுவே தேடித் தேடி மாதா கோயில் கோபுரத்தைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பின்னால் வெளிறிய நீலத்தில் மலை மெல்ல நகர்ந்து வந்து கோபுரத்துக்கு நேரே நின்றது. அவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

கல் கட்டிய கயிற்றை வாங்கி நானே இறக்கினேன். பிள்ளைகள் சுற்றி நின்று எண்ணினார்கள். இரண்டு கையையும் விரித்து விரித்து விட்டேன். ஆறு பாகம் போன பிறகும் கயிறு விறைப்பாகவே இருந்தது. என் கை அப்பாவின் கையைவிடக் குட்டை. ஏழாவது விரிப்பில் பாதி போனபோது கல் தட்டியது. கயிறு தளர்ந்து என் மடியில் விழுந்தது.